உற்சவர் திருமேனிகள்: வாசகர் கேள்வி பதில்

ஐம்பொன் சிலைகள் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன மாசம் சொல்லியிருந்தோம். வந்த கடிதாசு, வாட்ஸ்அப் எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா நிறைய பேர் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கீங்க, அதனால அதையெல்லாம் ஒண்ணாக்கி பதில் சொல்றேன்.

மன்னார்குடியிலேந்து ஒரு வாசகி: எழும்பூர் மியூசியத்துல வெண்கலச் சிலைங்க பார்த்தேன். பீடத்துல எல்லாம் ஓட்டை, வளையம்னு இருக்கே, எதுக்கு? எங்க ஊர் உற்சவருக்கு மூக்கு, வாய் எல்லாம் மழுங்கிப் போயிருக்கு, மியூசியத்துல இருக்கறது மட்டும் எப்படி நேத்து செஞ்ச மாதிரி இருக்கு?

அந்த ஓட்டைய கவனிச்சீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்மா. கருவறைல இருக்கற மூலவர் கல்லு, அவர் எடத்த விட்டு அசைய மாட்டார். ஆனா படுத்த படுக்கையா இருக்கற பாட்டி, கைக்குழந்தைக்காரி, வயல் வேலைய விட்டு வர முடியாதவங்க இவங்கல்லாம் சாமிய பாக்கணும்னா சாமி தெருவுக்கு வரணும், அதுக்குன்னே செஞ்சவர்தான் உற்சவர். பீடத்து ஓட்டைலயும் வளையத்துலயும் கம்பு நுழைச்சு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டித்தான் பல்லக்குலயும் வாகனத்துலயும் ஏத்துவாங்க, சில பீடத்துல ரெண்டு பக்கமும் முளை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அது திருவாசி, அதாவது சாமிய சுத்தி நிக்கற வளைவு, சொருக. அதாவது சிலைய வார்க்கும்போதே இவர் ஊர்வலம் போகப் போறவர்னு முடிவு பண்ணித்தான் வார்த்திருக்காங்க.

மழுங்கினது ஏன்னு கேட்டீங்க. பால், தயிர், மஞ்சப்பொடி, சந்தனம், விபூதின்னு நூத்துக்கணக்கான வருஷமா அபிஷேகம், அப்புறம் புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கறது, தேய்க்காம இருக்குமா? மியூசியத்துல நீங்க பார்த்த நிறைய சிலைங்க பூமிக்குள்ள கெடந்து வெளில வந்ததுங்க, அபிஷேகம் நின்னு போய் பல நூறு வருஷம் ஆச்சு, அதான் ஒட்டியாணத்துல இருக்கற பூவேலை கூட அப்படியே இருக்கு. என்னைக் கேட்டா மழுங்கின முகத்த கொறைச்சலா நெனைக்காதீங்க. சில ஊர்ல கண்ணு மூக்கு சரியா தெரியலன்னு புதுசா உளி போட்டு வெட்ட வெக்கறாங்க, அது மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம், ஆயிரம் வருஷத்து ஸ்தபதி கைவேலைய யாராலயும் திரும்ப கொண்டுவர முடியாது.

இன்னொண்ணு. கோயில்ல உற்சவர பட்டு, மாலை, நகை எல்லாம் போட்டுத்தானே பாக்கறோம், முகமும் கையும் பாதமும்தான் தெரியும். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு இதுக்கு நல்ல சாட்சி. ராஜராஜனும் அவர் அக்கா குந்தவையும் ராணிகளும் அதிகாரிகளும் குடுத்த செப்புத் திருமேனி 60க்கு மேல, ஒவ்வொண்ணும் எத்தனை முழம் எத்தனை விரல் உசரம், எத்தனை கை, அதுக்குக் குடுத்த நகையில முத்து எத்தனை, அந்த முத்து வட்டமா, அனுவட்டமா (கிட்டத்தட்ட வட்டம்), சப்பட்டையா, கறடா (சொரசொரப்பு)ன்னு வரைக்கும் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. அந்த நகைய நிறுத்த கல்லுக்கும் கூத்தாடற சாமி பேரையே வெச்சிருக்காங்க, ஆடவல்லான்னு. அத்தனை துணியும் நகையும் மூடப் போகுதுன்னு தெரிஞ்சும் அந்த ஸ்தபதிங்க முதுகுத் தண்டு வளைவையும் பின்பக்கத்து முடிச்சுருளையும் விடாம செஞ்சிருக்காங்க பாருங்க, மியூசியத்துக்குப் போனா சுத்தி வந்து பின்பக்கத்தையும் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது அதுக்குத்தான்.

சேலத்திலேந்து ஒருத்தர்: ஐம்பொன் சிலைல எவ்வளவு தங்கம் இருக்கும்?

ரொம்ப ரொம்பக் கம்மி. பஞ்சலோகம்னா செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி, தங்கம்னு அஞ்சு சொல்லுவாங்க. கும்பகோணம் பக்கத்துல சிலை வார்க்கற ஊரான சுவாமிமலைல வழக்கமா சொல்ற கணக்கு செம்பு 29 பங்கு, பித்தளை 2 பங்கு, ஈயம் 1 பங்கு, வெள்ளியும் தங்கமும் சிலை செய்யச் சொன்னவங்க சக்திக்கும் ஆசைக்கும் தகுந்த மாதிரி துளி. பழைய சோழர் சிலைங்கள லேப்ல சோதிச்சுப் பார்த்ததுல பெரும்பாலும் செம்புதான், அதுல கொஞ்சம் வெள்ளீயமும் காரீயமும். உலோகம் உருகிக் கொதிக்கும்போது சிலை செய்யச் சொன்ன குடும்பத்து பொம்பளைங்க மோதிரத்தையோ தோடையோ கழட்டி மூசைல (உலோகம் உருக்கற பாத்திரம்) போடறது இன்னிக்கும் நடக்கற விஷயம், அது பக்தி, அதனால சிலை தங்கச் சிலை ஆயிடாது.

இத அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. உள்ள கிலோ கணக்குல தங்கம் இருக்குன்னு நம்பி கைய ஒடைச்சு, உருக்கி நாசம் பண்ணின கும்பல்கள் உண்டு. உருக்கினா மிஞ்சப்போறது பாத்திரக் கடைல எடைக்குப் போடற செம்புதான், ஒரு ஊரோட சாமி போனதுதான் மிச்சம்.

கோயம்புத்தூர்லேந்து ஒரு காலேஜ் மாணவர்: சுவாமிமலைல எப்படி சிலை செய்யறாங்க? சோழர் காலத்துல செஞ்ச அதே முறைதானா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க சார்.

அடிப்படை அதேதான் தம்பி. தாராசுரம் கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதிங்க வம்சம் பக்கத்துல இருக்கற சுவாமிமலைல தங்கிட்டாங்கன்னு அங்க சொல்லுவாங்க, காவேரிக் கரை வண்டல் மண்ணு அவங்கள அங்கயே நிறுத்தி வெச்சிடுச்சு, ஏன்னா இந்த வேலைக்கு உயிர் அந்த மண்ணுதான்.

மொதல்ல அளவு. ஒரு தென்னை ஓலைக் கீத்த சிலை உசரத்துக்கு வெட்டிக்கிட்டு அத மடிச்சு மடிச்சு குறி போடுவாங்க, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, தொப்புள் வரைக்கும் இவ்வளவுன்னு அந்த ஓலைதான் ஸ்கேல். தாளக் கணக்குன்னு சொல்லுவாங்க. சிவன், விஷ்ணு மாதிரி பெரிய தெய்வத்துக்கு உத்தம தச தாளம், அதாவது மொத்த உசரத்த 124 பங்கா பிரிக்கறது, தேவிக்கு மத்திம தச தாளம், 120 பங்கு. சிலை உள்ளங்கை அளவா இருந்தாலும் ஆள் உசரமா இருந்தாலும் பங்கு மாறாது, அதனாலதான் நாலு அங்குல அம்மன போட்டோல பாத்தா ஆறு அடி இருப்பாளோன்னு தோணுது.

அப்புறம் மெழுகு. தேன்மெழுகோட குங்கிலியம்ங்கற மரப்பிசின், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டி, கையால பிசைஞ்சு, சின்ன கத்தியும் சூடு பண்ணின கம்பியும் வெச்சு தலை தனி, கை தனி, உடம்பு தனின்னு செஞ்சு ஒட்டுவாங்க. தண்ணி பாத்திரம் பக்கத்துலயே இருக்கும், மெழுகு எளகினா உடனே தண்ணில போட்டு எடுப்பாங்க. நகை, பூணூல், துணி மடிப்பு எல்லாம் இந்த மெழுகுலயே வந்துடணும். அதுமேல உலோகம் ஓடறதுக்கு மெழுகுக் குச்சி வெச்சு வழி.

இப்ப மண்ணு. மொதப் பூச்சு வண்டல் மண்ண உமிக்கரியோட மை மாதிரி அரைச்சு, சாணித் தண்ணி சேர்த்து, மெழுகு மேல மெல்லிசா தடவணும். இந்தப் பூச்சுலதான் சிலையோட தோலு இருக்கு, விரல் ரேகை பட்டிருந்தா அது கூட உலோகத்துல வந்துடும். நெழல்ல காய வெச்சு, மேல களிமண்ணும் மணலும் கலந்த தடிப்புப் பூச்சு, பெரிய சிலைன்னா இரும்புக் கம்பி சுத்தி அதுக்கு மேல இன்னொரு பூச்சு. அவசரப்பட்டு வெயில்ல வெச்சா வெடிக்கும், அதனால மழைக்காலத்துல இந்த வேலை இழுத்துக்கிட்டே போகும்.

காய்ஞ்ச அச்ச வறட்டி நெருப்புல சுடும்போது உள்ள இருக்கற மெழுகு உருகி ஓடிடும், உள்ள சாமி வடிவத்துல ஒரு வெற்றிடம் மட்டும் இருக்கும். மெழுகோட எடைக்கு எட்டுலேந்து பத்து மடங்கு உலோகம் பிடிக்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சிருப்பாங்க. சூடான அச்ச மண்ணுக்குள்ள வாய் மட்டும் மேல தெரியற மாதிரி பொதைச்சு, ஆயிரம் டிகிரிக்கு மேல கொதிக்கற உலோகத்த மூசைலேந்து மெல்லிசா, ஒரே சீரா, நடுவுல நிக்காம ஊத்தணும். நின்னா ஒட்டு விழும், காத்து மாட்டினா குழி விழும், கால் வந்து கை வராம போகும், மாசக்கணக்கு வேலை அந்த சில நிமிஷத்துல இருக்கு. அங்க யாரும் பேச மாட்டாங்க.

ஆறினதும் அச்ச ஒடைப்பாங்க. மெழுகும் போச்சு, அச்சும் போச்சு, அதனால ஒரு சிலை மாதிரி இன்னொண்ணு கெடையாது. அப்புறம் அரம், உளி, மெருகு. கடைசில கண் திறப்பு, நல்ல நாள் பார்த்து தங்க ஊசியாலயோ தங்க உளியாலயோ கண்ணுக்கு கோடு போடறது. சோழர் காலத்து வேலைக்கும் இப்பத்திய வேலைக்கும் வித்தியாசம் எங்கன்னா, பழைய சிலைங்கள்ல பெரும்பாலான நுணுக்கம் மெழுகுலயே முடிஞ்சிருக்கும், வார்த்தப்புறம் உளி ரொம்ப படாது. இப்ப நிறைய நகை வேலைய வார்த்தப்புறம்தான் வெட்டறாங்க. கடைக்குப் போற சின்ன சிலைங்களுக்கு மெழுகையே அச்சுல ஊத்தி எடுக்கறதும் வந்தாச்சு, அதுல வயித்துப் பொழப்பு இருக்கு, நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா கையால மெழுகு பிடிக்கற பசங்க கொறைஞ்சுக்கிட்டு வர்றாங்கங்கறதுதான் எனக்குக் கவலை.

உள்ள கெட்டியா வார்க்கறது நம்ம பக்கத்து வழக்கம், கன வார்ப்பு. 2023ல டெல்லி ஜி20 மாநாட்டு மண்டபத்து வாசல்ல வெச்ச 27 அடி நடராஜரையும் சுவாமிமலை ஸ்தபதிங்கதான் இதே மெழுகு முறைல வார்த்தாங்க, எடை 18 டன். அது எட்டு உலோகம்.

திருச்சி வாசகி: உங்களுக்குப் பிடிச்ச ஒரே ஒரு சிலைய சொல்லணும்னா?

திருவெண்காட்டு ரிஷபவாகனர். யோசிக்கவே வேண்டாம்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துல இருக்கார். மூணரை அடி உசரம். ஒரு கால ஊனி, இன்னொரு கால குறுக்க வெச்சு, காளை மேல கைய போட்டு சாஞ்சு நிக்கற சிவன், ஆனா காளை இல்ல, அது கிடைக்கவே இல்ல. அந்தக் கை வெறும் காத்துல ஒய்யாரமா கெடக்கு, இருந்தும் பாக்கறவங்களுக்கு அங்க காளை இருக்கு. சடைய தலப்பா மாதிரி சுருட்டி கட்டியிருக்கு, அதுக்குள்ள பாம்பு. உடம்புல நகை கொஞ்சம்தான், வழவழன்னு சும்மா விட்டிருக்கார் ஸ்தபதி, அந்த தைரியம் எல்லாருக்கும் வராது. கோயில் கல்வெட்டுப்படி 1011ல இவர செஞ்சு வெச்சாங்க, அடுத்த வருஷமே பக்கத்துல நிக்க அம்மன். அதாவது ராஜராஜன் உயிரோட இருந்த காலம், தேதி சந்தேகமில்லாம தெரிஞ்ச அபூர்வமான சிலைல ஒண்ணு, அதனால மத்த சிலைங்களுக்கு காலம் சொல்றவங்க கூட இவர பக்கத்துல வெச்சுத்தான் ஒப்பிடறாங்க. 1950கள்ல திருவெண்காட்டு மண்ணுக்குள்ளேந்து கூட்டமா வெளில வந்த சிலைகள்ல இவரும் ஒருத்தர். அதே ஊர் கல்யாணசுந்தரரும் தஞ்சாவூர்லயே இருக்கார், பார்வதி கைய பிடிச்சுக்கிட்டு நிக்கறப்ப அவ தலை லேசா குனிஞ்சிருக்கும், அந்த வெக்கத்த செம்புல எப்படி கொண்டுவந்தாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. திருவெண்காட்டு அர்த்தநாரி எழும்பூர்ல. மூணையும் பாத்துடுங்க.

நாகர்கோவில்லேந்து ஒருத்தர்: நடராஜர் உருவம் எந்தக் காலத்துலேந்து இருக்கு? வெளிநாட்டுல ஏன் அவருக்கு மட்டும் அவ்வளவு பேரு?

ஆடற சிவன் பல்லவர் காலத்துலயே உண்டு, காஞ்சிபுரம் பக்கம் கூரத்துல கிடைச்ச சின்ன நடராஜர் எழும்பூர்ல இருக்கார், கால் தூக்கியிருக்கற விதமே வேற மாதிரி. இப்ப நாம பாக்கற, ஒரு கால் முயலகன்ங்கற குள்ள அசுரன் மேல, ஒரு கால் குறுக்க தூக்கி, உடுக்கை, அனல், சுத்தி நெருப்பு வட்டம்ங்கற ஆனந்த தாண்டவம் ஊர் ஊரா பரவினது பத்தாம் நூற்றாண்டுல, அதுல செம்பியன் மாதேவிக்குப் பெரிய பங்கு. கண்டராதித்தனோட மனைவி, உத்தம சோழனோட அம்மா, புருஷன் போனப்புறம் பல வருஷம் செங்கல் கோயில்கள கல்லாக்கறதுலயும் திருமேனி செஞ்சு வெக்கறதுலயும் வாழ்க்கைய செலவழிச்சவங்க. அவங்க கட்டின கோனேரிராஜபுரத்துல ஆள் உசரத்த தாண்டின நடராஜர் இருக்கார், ஒரு தடவ கண்டிப்பா போங்க, சிதம்பரத்துல கூட்டத்துல கழுத்த நீட்டிப் பாக்கறத விட அங்க நிதானமா நிக்கலாம்.

வெளிநாட்டு விஷயம்: பிரெஞ்சு சிற்பி ரோடான் 1913 வாக்குல எழும்பூர் மியூசியத்து நடராஜர் போட்டோக்கள பார்த்துட்டே சிலிர்த்துப் போய் எழுதினார், நேர்ல பார்க்கல. அதுல ஒருத்தர் திருவாலங்காட்டு நடராஜர். 2004ல ஜெனீவா செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல இந்திய அரசு குடுத்த நடராஜர வெச்சாங்க.

சீர்காழி பக்கத்து வாசகர்: ஏன் எப்பவும் சிலைங்க பூமிக்குள்ளேந்தே கிடைக்குது? எங்க சட்டைநாதர் கோயில்ல 2023ல தோண்டினப்ப கூட கிடைச்சுதே.

ஆமா, கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை போட குழி தோண்டினப்ப 20க்கு மேல திருமேனியும், தேவாரம் எழுதின செப்பேடு 400க்கு மேலயும் கிடைச்சது. தேவாரத்த செம்புல எழுதி, அதையும் சாமிகளோட சேர்த்து பொதைச்சிருக்காங்க, எத்தனை பயத்துல, எத்தனை நிதானத்தோட செஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

1311ல மாலிக் காபூர் படை வந்ததுலேந்து ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் பல சண்டை. ஆபத்து வந்தா திருமேனிய எப்படி மண்ணுக்குள்ள வெக்கணும்னு கோயில் வழிபாட்டு நூலான ஆகமத்துலயே வழி சொல்லியிருக்கு, மணல் பரப்பி, மந்திரம் சொல்லி, அடுக்கி வெச்சு, பூஜை சாமானையும் கூடவே வெச்சு மூடுவாங்க. எங்க பொதைச்சோம்னு தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேர்தான், அவங்க செத்துட்டா அல்லது ஊர விட்டு ஓடிட்டா சாமி அங்கயே. பொதைக்காம தூக்கிட்டுப் போனதும் உண்டு. சிதம்பரம் நடராஜரே 1648லேந்து 1686 வரைக்கும் சிதம்பரத்துல இல்ல, குடுமியான்மலை, மதுரைன்னு வெளியூர்ல இருந்தார். காஞ்சிபுரம் வரதர் உடையார்பாளையத்துல அடைக்கலமா இருந்து 1710ல திரும்பினார். கூடவே கெளம்பின பங்காரு காமாட்சி தஞ்சாவூரோடவே தங்கிட்டா, இன்னும் அங்கதான்.

தோண்டும்போது கிடைச்சா என்ன செய்யணும்னு நீங்க கேக்கல, நானே சொல்லிடறேன். 1878ம் வருஷத்து புதையல் சட்டப்படி உடனே விஏஓ, தாசில்தார் மூலமா கலெக்டருக்கு தெரிவிக்கணும். கிடைச்ச எடம், ஆழம், எது பக்கத்துல எது இருந்ததுன்னு கலைக்காம போட்டோ எடுங்க, கழுவாதீங்க, தேய்க்காதீங்க.

கும்பகோணத்து வாசகர்: திருடு போன சிலை நம்மளோடதுன்னு வெளிநாட்டுல எப்படி நிரூபிக்கறாங்க? எங்க கோயில் சிலை அசல்தானான்னே சந்தேகமா இருக்கு.

உங்க சந்தேகத்துக்கு உங்க ஊர் பக்கமே பதில் இருக்கு. சிவபுரம், கும்பகோணத்துலேந்து கூப்பிடு தூரம். 1951ல வயல்ல கிடைச்ச நடராஜர கோயில்ல வெச்சாங்க, கொஞ்ச வருஷத்துல பழுது பார்க்கன்னு வெளில அனுப்பினாங்க, திரும்பி வந்தது நகல். ஊர் சனம் அந்த நகலுக்குத்தான் தீபம் காட்டிக்கிட்டு இருந்துது. பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரெட் 1965ல எழுதினப்பதான் கோயில்ல இருக்கறது போலின்னு வெளில தெரிஞ்சது. அசல் கை மாறி மாறி 1973ல அமெரிக்காவுல நார்ட்டன் சைமன்ங்கற கோடீஸ்வரர்கிட்ட கிட்டத்தட்ட 9 லட்சம் டாலருக்கு போச்சு. இந்தியா கேஸ் போட்டு, பத்து வருஷம் அவங்க வெச்சிருக்கலாம்னு ஒப்பந்தமாகி, 1986ல திரும்பி வந்தது.

அடுத்தது திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர். 1976ல ஒரு கூலித் தொழிலாளி குழி வெட்டினப்ப கிடைச்ச நடராஜர், தரகர் கை மாறி லண்டன் போய், 1982ல ஒரு கனடா கம்பெனி வாங்கி, சுத்தம் பண்ண குடுத்த எடத்துல போலீஸ் பிடிச்சது. லண்டன் கோர்ட்டுல வாதி யாரு தெரியுமா? இடிஞ்சு கெடந்த அந்தக் கோயிலேதான். பூஜை இல்லாம செடி மொளைச்சுக் கெடந்த ஒரு கிராமத்து சிவன் கோயிலுக்கு சட்டப்படி ஆள் அந்தஸ்து உண்டு, அது தன் சாமிய கேக்கலாம்னு 1988ல தீர்ப்பு, அப்பீல்லயும் நின்னுது, 1991ல நடராஜர் வீடு வந்தார். அந்தக் கேஸ்ல சாட்சி சொன்னவர் நம்ம தொல்லியல் அறிஞர் நாகசாமி. அதே எடத்துல கிடைச்ச மத்த சிலைங்களோட இது ஒரே கூட்டம்தானான்னு மண்ணு, உலோகம், வேலைப்பாடுன்னு எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க.

ஆனா இப்பல்லாம் ஜெயிக்க வெக்கறது போட்டோதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர 2008ல ஆஸ்திரேலியா தேசிய கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கினது, வித்தவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல வருஷமா ஊர் ஊரா போய் கோயில் சிலைகள போட்டோ எடுத்து வெச்சிருந்தாங்களே, அதுல ஸ்ரீபுரந்தான் நடராஜர் அப்படியே இருந்தார், வார்ப்புல விழுந்த சின்னச் சின்ன குறை கூட ஒத்துப்போச்சு. 2014ல ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து குடுத்தார். கபூர் 2011ல ஜெர்மனில பிடிபட்டு, 2022ல உடையார்பாளையம் வரதராஜப் பெருமாள் கோயில் திருட்டு கேஸ்ல கும்பகோணம் கோர்ட்டு அவருக்கு 10 வருஷம் தண்டனை குடுத்தது. அனந்தமங்கலம் ராமர், லட்சுமணர், சீதை 1978ல திருடு போய் 2020ல லண்டன்லேந்து வந்ததும் அதே பாண்டிச்சேரி போட்டோவாலதான், 1958ல எடுத்தது. யாரோ ஒருத்தர் வெயில்ல பஸ் பிடிச்சு அந்த ஊருக்குப் போய், குருக்கள்கிட்ட கேட்டு, மாலைய எடுக்கச் சொல்லி ஒரு படம் எடுத்திருக்கார், அது 60 வருஷம் கழிச்சு சாமிய வீட்டுக்கு கூட்டிட்டு வந்திருக்கு.

அதனால உங்க கோயில் சிலை அசலான்னு கேக்கறதுக்கு மொதல்ல, உங்க சிலைக்கு ஒழுங்கா ஒரு போட்டோ இருக்கான்னு பாருங்க. அலங்காரத்தோட செல்போன்ல எடுத்தது உதவாது. அபிஷேகத்துக்கு முன்னாடி அலங்காரம் கலைச்ச நேரம், குருக்களும் நிர்வாக அதிகாரியும் சம்மதிச்சு கூட இருக்கும்போது, முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம், பீடம், பீடத்துல எழுத்து இருந்தா அது, ஒடைஞ்ச விரல், குழி, தழும்பு எல்லாம் கிட்டக்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சுக்கங்க. சந்தேகம் வலுவா இருந்தா சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுல எழுத்துல புகார் குடுங்க, ஊர்ல யார் மேலயும் பழி சொல்லி சண்டை போடறதால ஒண்ணும் ஆகாது.

மதுரை வாசகி: தாத்தா காலத்து கிருஷ்ணர் விக்கிரகம் பச்சை பூத்துப் போச்சு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம்மா. புளி, எலுமிச்சை, கடையில விக்கற பவுடர் எதுவும் வேண்டாம், மேல் தோல அரிச்சுடும். கெட்டியா வழவழன்னு இருக்கற கரும்பச்சை பாதுகாப்புதான், அத விட்டுடுங்க. வெளிர் பச்சையா மாவு மாதிரி உதிர்ந்தா அது உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்த திங்கறது, அரசு மியூசியத்துல ரசாயனப் பாதுகாப்புப் பிரிவுல காட்டுங்க. பூஜைல இருந்தா சுத்தத் தண்ணி அபிஷேகம், உடனே பருத்தித் துணியால இடுக்கு விடாம ஈரம் ஒத்தி எடுக்கறது, அது போதும். நூறு வருஷத்துக்கு மேல பழசுன்னா 1972 சட்டப்படி தொல்பொருள் பதிவு அலுவலர்கிட்ட பதிவு பண்ணணும், அப்படிப் பண்ணினா பிடுங்கிக்குவாங்கன்னு பயப்பட வேண்டாம், சிலை உங்க வீட்லயேதான் இருக்கும்.

துபாய்லேந்து ஒரு வாசகர்: சுவாமிமலைல ஒரு நடராஜர் வாங்கி எடுத்துட்டு வரலாமா?

தாராளமா, புதுசுன்னா தடை இல்ல. மத்திய தொல்லியல் துறைகிட்ட இது பழம்பொருள் இல்லன்னு சான்று வாங்கிடுங்க, இல்லாட்டி ஏர்போர்ட்ல நிக்க வெப்பாங்க. வாங்கும்போது பின்பக்கத்தையும் விரல் நுனிகளையும் பாருங்க, முன்னாடி மட்டும் அழகா செஞ்சு பின்னாடி விட்டிருந்தா வேண்டாம். மெழுகு கையால பிடிச்சதான்னு கேட்டு, காத்திருந்து செய்யச் சொல்லி வாங்குங்க. பழசு மாதிரி காட்ட பச்சை ஏத்தினதுக்கு காசு குடுக்காதீங்க.

அரியலூர் மாவட்டத்துலேந்து ஒருத்தர்: எங்க ஊர் சாமிங்க பாதுகாப்புன்னு சொல்லி அறநிலையத்துறையோட திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்துல வெச்சிருக்காங்க. திருவிழாவுக்கு மட்டும் போலீஸோட வருது, ரெண்டு நாள்ல போயிடுது. ஊர் பெருசுங்க அழறாங்க. திரும்பக் கேக்க வழி இருக்கா?

உங்க ஊர் பெருசுங்க அழறதுல நியாயம் இருக்கு. ஊர்வலம் போகணும்னு வார்த்த சாமி அலமாரி அடுக்குல வரிசையா நிக்கறத பாத்தா எனக்கும் மனசு தாங்காது. அதே சமயம் ஒத்தப் பூட்டு போட்ட கோயில்லேந்து எத்தனை சாமி போயிருக்குன்னு மேல எழுதியிருக்கேன், ஸ்ரீபுரந்தான் உங்க மாவட்டம்தான், அங்க கோயில் பூட்டியே கெடந்ததால திருட்டு நடந்ததே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

கேக்கலாம். வெறும் கையெழுத்து வேட்டைல நடக்காது, சாமிய வெக்க கோயில் தயாரா இருக்குன்னு காட்டணும். கான்கிரீட் பாதுகாப்பு அறை, இரும்புக் கதவு, அலாரம், கேமரா, ராத்திரி காவலாளி, தினம் ஒரு வேளையாவது நின்னு போகாத பூஜை. வெளியூர்ல வெளிநாட்டுல இருக்கற உங்க ஊர் பசங்க சேர்ந்தா அறை கட்டறது பெரிய செலவு இல்ல, காவலாளி சம்பளம்தான் வருஷா வருஷம் ஓடணும், அதுக்கு ஒரு வைப்புத்தொகை போட்டுடுங்க. பூஜைக்கு ஆள் இருக்குன்னு குருக்கள்கிட்ட எழுதி வாங்குங்க. இதெல்லாம் முடிச்சு, படங்களோட அறநிலையத்துறை இணை ஆணையருக்கு மனு குடுங்க, ஒரு நகல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும். அடுத்த திருவிழாவுக்கு சாமி வர்ற அன்னிக்கே அனுமதி வாங்கி நான் மேல சொன்ன மாதிரி எல்லா பக்கமும் போட்டோ எடுத்துக்கங்க, மையத்துப் பதிவேட்டுல உங்க சாமிக்கு என்ன எண், என்ன உசரம், என்ன எடை எழுதியிருக்குன்னு கேட்டு அந்தப் படத்துக்குப் பின்னாடி எழுதி வெச்சு, ஒரு செட் கோயில்ல, ஒரு செட் பஞ்சாயத்துல, ஒரு செட் வெளியூர்ல இருக்கற யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கட்டும்.